பதம் வந்ததும் நிறுத்தணும்

கையை நீட்டுங்க அண்ணாச்சி. அட, கூச்சப்படாம நீட்டுங்க. பஸ் சங்கரன்கோவில் தாண்டியாச்சு, இனி கோவில்பட்டி வரைக்கும் வாயில வைக்கிற மாதிரி ஒண்ணும் கிடைக்காது. தயிர்சோறுதான். இஞ்சி, பச்சை மிளகாய், கொஞ்சம் கருவேப்பிலை. வேற ஆடம்பரம் கிடையாது. கரண்டி போட்டுக் கிண்டினது இல்ல, காலையில எந்திரிச்சு என் கையால பிசைஞ்சது. எப்படி இருக்கு? சொல்ல வேண்டாம், உங்க மூஞ்சியே சொல்லுது. இந்தா, இன்னொரு உருண்டை வச்சுக்கிடுங்க. தூக்குவாளி நிறைய இருக்கு.

இது எனக்குக் கட்டிக்கிட்டு வந்ததுன்னு நினைச்சிராதிய. என் மச்சினனுக்கு. நயினார்னு பேரு, என் வீட்டுக்காரிக்குத் தம்பி. வயித்துல பெரிய ஆபரேசன் ஆகி கோவில்பட்டியில அவன் வீட்டுல படுத்துக்கிடக்கான். கஞ்சியும் ரொட்டியுமாக் குடுத்து ஆளை உருக்கி வச்சிருக்காவ. அவனுக்கு என் கை தயிர்சோறுன்னா உசிரு. ஒரு வாய் உள்ள போனா எந்திரிச்சு உக்காந்திருவான். என் வீட்டுக்காரி கோமதியும் அங்கதான் இருக்கா. நான் வாறேன்னு ரெண்டு பேருக்கும் சொல்லல. சொன்னா வராதியன்னு சொல்லுவா.

ஏன்னு கேக்கியளா? அதைச் சொல்லத்தான் அண்ணாச்சி நானும் ஒரு ஆளைத் தேடிக்கிட்டு இருக்கேன். ஊருக்குள்ள யாரும் காது குடுத்துக் கேக்க மாட்டேங்காவ. நீங்க வெளியூரு, என்னைத் தெரியாது, அவனைத் தெரியாது. நீங்களே கேட்டுட்டு ஒரு நியாயம் சொல்லுங்க.

நான் தென்காசிப் பக்கம் தவசுப்பிள்ளை. இப்பத்திய ஆளுக மாஸ்டர்னு சொல்லிக்கிடுதாவ, நமக்கு அதெல்லாம் ஒட்டாது. தவசுப்பிள்ளை குற்றாலிங்கம்னா கல்யாண வீட்டுல சமையல்கட்டைத் திரும்பிப் பாக்க மாட்டாவ, நேரா இலையில போய் உக்காந்திருவாவ. அப்படி ஒரு பேரு. பெருமைக்குச் சொல்லல. பெருமைக்குத்தான் சொல்லுதேன், வேற என்னத்துக்குச் சொல்ல, இருக்கிறதைத்தான சொல்லுதேன்.

எங்க தொழில்ல எல்லாம் ஒரே சொல்லுக்குள்ள அடங்கிரும். பதம். பாகு காய்ச்சுதோம், கம்பிப் பதம் வந்துட்டு. அடுப்பை நிறுத்தணுமா வேண்டாமா? இன்னும் கொஞ்சம் எரியட்டும்னு விட்டா பாகு கல்லாப் போயிரும், பாத்திரத்தையும் சேத்து வெளிய போடணும். சொதிக்கு முதல் பாலை ஊத்தி நுரை கட்டினதும் இறக்கிரணும். கொதிச்சா திரிஞ்சுபோவும், அம்புட்டுத் தேங்காயும் பாழு. அடுப்புப் பத்தவைக்க எல்லாப் பயலுக்கும் தெரியும். பதம் வந்ததும் நிறுத்தத் தெரிஞ்சவன்தான் தவசுப்பிள்ளை.

நயினாருக்கு அது தெரியும். நான் சொல்லிக்குடுத்து இல்ல, அவனுக்குக் கையில இருந்தது. நான் உப்புப் பாக்க உள்ளங்கையை நீட்டுவேன், அவன் கரண்டியில இருந்து ஒரு சொட்டு விடுவான். நான் நக்கிட்டுத் தலையை ஆட்டுவேன். அதுக்கு மேல எங்களுக்குள்ள பேச்சே கிடையாது. எதுத்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். எதைக் குடுத்தாலும் சரி அத்தான்னு வாங்கிக்கிடுவான். மறுக்கவே தெரியாத பிள்ளை அண்ணாச்சி. பிள்ளைன்னு சொல்லுதேன், தலையெல்லாம் நரைச்சிட்டு அவனுக்கு.

போன ஐப்பசியில எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அதை முதல்ல சொல்லிருதேன், அப்பத்தான் மத்தது விளங்கும். மழை சீசன்ல எல்லாருக்கும் வருதது மாதிரிதான் வந்தது, ஆனா ஆளைப் போட்டு அமுக்கிட்டு. மெடிக்கல்ல போய் நின்னேன். ஒரு அட்டை மாத்திரை குடுத்தான். ரெண்டு போட்டேன், மேலு வேர்த்தது, காய்ச்சல் இறங்கிட்டு. பதம் வந்துட்டா? நிறுத்திட்டேன். அன்னையில இருந்து இன்னை வரைக்கும் ஒரு தும்மல் கிடையாது. கல்லு மாதிரி இருக்கேன். பாக்கியள்லா?

இப்ப நயினார் கதைக்கு வாறேன். வைகாசி முகூர்த்தம் மூச்சு விட நேரமில்லாம போய்க்கிட்டு இருக்கு, இவன் காய்ச்சல்னு படுத்துட்டான். சாயங்காலம் ஆனா கொதிக்கும், காலையில கொஞ்சம் குறையும். நாலைஞ்சு நாள் இப்படியே இழுத்தது. சரின்னு டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனேன். சின்ன வயசு, நல்ல பொண்ணுதான், குறை சொல்லல. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு டைபாய்டுன்னா. மாத்திரை எழுதிக் குடுத்தா. அசித்ரோமைசினாம். பேரைச் சொல்லதுக்குள்ள காய்ச்சலே போயிரும் போல. எங்க ஆளுக பெரிய மாத்திரைன்னு சொல்லுவாவ, தொண்டையில நின்னு யோசிச்சுட்டுத்தான் உள்ள இறங்கும்.

அந்த அம்மா சொன்னா, "ஒரு வாரத்துக்குக் குடுத்திருக்கேன். நடுவுலேயே காய்ச்சல் விட்டுரும். விட்டாலும் நிறுத்தக்கூடாது. கடைசி மாத்திரை வரைக்கும் போட்டே ஆகணும்."

நான் விடுவேனா? "காய்ச்சல் விட்ட பெறவு எதுக்கும்மா மாத்திரை?"ன்னு கேட்டேன்.

"காய்ச்சல் விட்டா கிருமி செத்துட்டுன்னு அர்த்தம் இல்ல. சோப்ளாங்கிக் கிருமிதான் முதல்ல சாகும். மிச்சம் இருக்கிறது பலசாலி. பாதியில நிறுத்தினா அது திரும்ப எந்திரிச்சு வரும், அப்ப இந்த மருந்துக்கு அசையாம நின்னாலும் நிக்கும்"னா.

பேசத் தெரிஞ்ச பொண்ணு. ஆனா அடுப்படிப் பழக்கம் கிடையாதுன்னு அந்தப் பேச்சுலேயே தெரிஞ்சு போச்சு. நான் பாகுக் கதையைச் சொன்னேன். கம்பிப் பதம் வந்த பெறவும் எரிச்சா என்ன ஆகும்னு சொன்னேன். அவ பேனாவை மூடிட்டு, "இது பாகு இல்ல ஐயா, உடம்பு"ன்னா. உடம்பு எதனால ஆனது? சோத்தால ஆனது. சோத்தைப் பத்தி எனக்குத் தெரியாததா அவளுக்குத் தெரிஞ்சிரும்? கேக்கல. பெரிய படிப்பு படிச்ச பிள்ளை, மனசு நோகப்பிடாதுன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

வாயில போட்டுக்கிட்டே கேளுங்க அண்ணாச்சி, தயிர் புளிச்சிரும்.

மாத்திரை போட்டான். கொஞ்ச நாள்லேயே காய்ச்சல் விட்டு, முகம் தெளிஞ்சு, பசிக்குன்னான். நான் நெத்தியில கை வச்சுப் பாத்தேன். சில்லுன்னு இருக்கு. அருமையான பதம். ஏல, போதும், நிறுத்துன்னேன். அட்டையில பாதிக்கு மேல மிச்சம். அவன் லேசா இழுத்தான், "அத்தான், டாக்டரம்மா முழுசும் போடச் சொன்னாவளே"ன்னான். அவன் என்கிட்ட எதுத்துப் பேசினதுன்னா வாழ்க்கையிலேயே அது ஒண்ணுதான். நான் கேட்டேன், "ஏல, நீ அடுப்படியில என்னத்தப் படிச்ச?" சிரிச்சுட்டான். சரி அத்தான்னுட்டு அடுத்த முகூர்த்தத்துக்கு வந்து அடுப்பு முன்னால நின்னான். அவன் நின்னாத்தான் எனக்குக் கை ஓடும்.

மிச்ச மாத்திரையைத் தூரப் போடுவாவளா யாரும்? அஞ்சறைப்பெட்டியில சீரகத்துக்குப் பக்கத்துல ஒரு குழி காலியாக் கிடந்தது, அதுல போட்டு வச்சேன். தயிருக்கு உறை எடுத்து வைக்கோம்லா, அது மாதிரி. ஆபத்துக்கு உதவும்லா. உதவினதே அண்ணாச்சி. காய்கறி வெட்டுத செண்பகத்துக்கு ஜலதோஷம், பாதி குடுத்தேன், ஒரு வாரத்துல சரியாப் போச்சு. பந்தி பரிமாறுத ஒருத்தனுக்குப் பல்வலி, பாதி குடுத்தேன், வலி விட்டுட்டு. பல்லையும் பிடுங்கினான்னு வைங்க, அது வேற. முழுசு யாருக்கும் குடுக்க மாட்டேன். காரம் தூக்கலாப் போயிரும். நாளாவட்டத்துல எங்க ஆளுக டாக்டர்கிட்ட போறதையே விட்டுட்டாவ. மருந்துலயும் உமக்குக் கைப்பக்குவம் இருக்கு ஓய்னு ஒரு நாதஸ்வரக்காரர் சொன்னார். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

இப்படி எல்லாம் நல்லாப் போய்க்கிட்டு இருக்கும்போதுதான் ஆலங்குளத்துப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் வந்தது. முதல் நாள் கல்யாணச் சாப்பாடு, மறுநாள் மாப்பிள்ளைச் சொதி விருந்து. நயினார் வந்தான். ஆனா முகம் சரியில்ல. வெங்காயம் வதக்கிக்கிட்டு இருக்கும்போதே சுவத்துல சாஞ்சு நின்னான். தொட்டுப் பாத்தேன், மேலு கொதிக்கு. விட்ட காய்ச்சல் திரும்ப வந்துட்டு. ஒண்ணும் பயப்படாதலேன்னு அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பாதி மாத்திரை குடுத்தேன். போட்டுக்கிட்டான். அன்னைக்குச் சாம்பாரு, அவியல், பாயசம் எல்லாம் அவன்தான் பாத்தான். தயிர்ப் பச்சடி மட்டும் நான். அது எப்பவும் நான்தான், அடுத்த ஆளை விட மாட்டேன். வெள்ளரிக்காயைச் சீவி, தயிரை ஊத்தி, கையை உள்ள விட்டு அடி வரைக்கும் கலக்கணும். கரண்டி போட்டா தண்ணி விட்டுரும்.

மறுநாள் சொதியை இறக்கி வச்சான் பாருங்க, இறக்கி வச்சுட்டு அப்படியே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தான். எந்திரிக்கல. வயிறு பலகை மாதிரி விறைச்சிட்டு. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். குடல்ல ஓட்டை விழுந்துட்டுன்னாவ. உடனே அறுக்கணும், அப்பவும் உத்தரவாதம் சொல்ல முடியாதுன்னாவ. நான் அன்னைக்கு அழுதேன் அண்ணாச்சி. ஆஸ்பத்திரி வாசல்ல, எல்லாரும் பாக்க, வாய்விட்டு அழுதேன். என் அம்மா செத்தப்பகூட பந்திக்கு நேரமாயிட்டுன்னு அழுகையை அடக்கிக்கிட்டவன் நான். அவன் இல்லாம எனக்கு அடுப்பு இல்ல. அவன் இல்லாம எனக்கு ஒண்ணுமே இல்ல. 

பிழைச்சுக்கிட்டான். ஊசி மருந்தா ஏத்தினாவ, பழைய மாத்திரையைத் தொடவே இல்ல. அங்க உள்ள பெரிய டாக்டர் சொன்னாராம், அந்த மாத்திரையை நம்பி இனி இருக்க முடியாதுன்னு. பாத்தியளா? அப்ப மாத்திரையில சத்து இல்லன்னுதான அர்த்தம்? அதை முழுசும் போட்டிருந்தா மட்டும் என்னத்தக் கிழிச்சிருக்கும்?

அந்த டாக்டர் கண்ணு முழிச்சவன்கிட்ட, மாத்திரையைப் பாதியில நிறுத்தச் சொன்னது யாருன்னு கேட்டார். கோமதி என்னைப் பாத்தா. நான் வாயைத் திறக்கதுக்கு முன்னால நயினார் சொல்லிட்டான், "யாரும் சொல்லல சார், நான்தான் மறந்துட்டேன்"னு. குரலே வரல அவனுக்கு, ஆனாலும் சொன்னான். அவனே சொல்லிட்டான்லா, என் மேல தப்பு இல்லன்னு? பெறவு ஊர்க்காரன் என்ன பேசினா எனக்கென்ன? அதைச் சொன்னா கோமதி மூஞ்சியைத் திருப்பிக்கிடுதா.

இதோட முடிஞ்சதுன்னா பரவாயில்ல. ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஆலங்குளத்துக் கல்யாணத்துக்கு வந்தவங்கள்ல பாதிப் பேருக்குக் காய்ச்சல்னு ஒரு பேச்சு. மாப்பிள்ளை வீட்டு ஆளுக, பொண்ணுக்கு அத்தைக்காரி, மேளக்காரங்க, எல்லாருக்கும் டைபாய்டாம். சாப்பாடு சரியில்லன்னா அன்னைக்கே வயித்தைக் கலக்கணுமா இல்லையா? மூணு வாரம் கழிச்சு என் சாம்பார் ஞாபகம் வந்து கலக்குமா? நீங்களே சொல்லுங்க.

சுகாதாரத்துல இருந்து ஒருத்தர் வீடு தேடி வந்தார். கண்ணாடி போட்டு, மெதுவாப் பேசுத ஆளு. சாம்பாரைப் பத்திக் கேப்பார்னு நினைச்சேன். கேக்கல. அவியல்? கேக்கல. கொதிச்சது எதையும் அந்த மனுசன் கேக்கவே இல்ல. பச்சடியைக் கேட்டார். சாப்பாட்டுல எம்புட்டு பச்சடி இருக்கும், ஒரு ஓரத்துல இம்புட்டு இருக்கும், அதைப் போய்க் கேக்கார். கலக்கினது யாருன்னார். நான்தான்னேன். எதால கலக்கினியன்னார். கையாலதான்னு காமிச்சேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினீங்களான்னு கேட்டார் பாருங்க, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அடுப்படியில சோப்புக்கு என்ன வேலை? சோப்பு வாசம் சோத்துல ஏறிராதா? பச்சைத்தண்ணி விட்டு ஒரு அலசு, வேட்டியில ஒரு துடைப்பு. எங்கய்யா காலத்துல இருந்து அப்படித்தான்னேன். அவர் அதை நோட்டுல எழுதிக்கிட்டார். பெறவு எங்க ஆளுக எல்லாரையும், சொல்லவே கூச்சமா இருக்கு, வெளிக்கிருந்ததை டப்பாவுல பிடிச்சுத் தரச் சொன்னார். தவசுப்பிள்ளைகிட்ட கேக்குத சாமானா அண்ணாச்சி அது?

குடுத்தோம். வந்த பதிலைக் கேட்டா நீங்களும் சிரிப்பிய. செண்பகத்துக்கு ஒண்ணும் இல்ல. பரிமாறுதவனுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு தும்மல்கூட இல்லாத எனக்கு, கல்லு மாதிரி இருக்கிற எனக்கு, அந்தக் கிருமி இருக்காம். அவர் உக்காந்து விளக்கம் சொல்லுதார், "போன வருசக் காய்ச்சல்ல முழுசா மருந்து எடுக்கல. அது உங்க உடம்புலேயே தங்கிட்டு. உங்களை ஒண்ணும் செய்யல, ஆனா உங்க கை வழியா அடுத்தவங்களுக்குப் போகுது. உங்க மச்சினருக்கும் உங்ககிட்ட இருந்துதான் வந்திருக்கும்"னு. என்ன ஒரு கற்பனை பாருங்க. என் கைச்சோறு சாப்பிட்டவன் வாழ்த்திட்டுப் போவான், என் கையால நயினாருக்கு நோவு வரும்ங்காரு. அவனுக்கு நான் சோறு ஊட்டி விட்டிருக்கேன் அண்ணாச்சி, அவன் கை வெந்து கட்டுப் போட்டிருந்தப்போ.

ஏன், உருண்டையை அப்படியே கையில வச்சிருக்கிய? காரமா? வாயைக் கொப்பளிக்கணுமா? இந்தா தண்ணி. ஜன்னல் வழியாத் துப்பிருங்க, ரோட்டுல யாரும் இல்ல. இஞ்சி கொஞ்சம் இளசாப் பாத்துப் போட்டிருக்கணும், இன்னைக்கு அவசரம். இன்னொரு தடவையா? கொப்பளிங்க, கொப்பளிங்க. மொளகாய் கடிச்சிட்டிய போல.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆமா. எனக்கும் வேற ஒரு மாத்திரையைப் பை நிறையக் குடுத்தாவ. நாள்பட்டுப் போடணுமாம். பெறவு திரும்ப டப்பாவாம். அது சரியா வருத வரைக்கும் அடுப்படிப் பக்கம் போகப்பிடாதாம். காய்ச்சலே இல்லாதவனுக்கு என்னத்துக்கு அண்ணாச்சி மாத்திரை? பாகு ஏற்கெனவே பதத்துல நிக்கு, அதைத் தூக்கித் திரும்ப அடுப்புல வைக்கச் சொல்லுதாவ. ஆனா கோமதி விடல. விடிஞ்சதும் செம்புல தண்ணியோட எதுக்க வந்து நிப்பா. நான் வாயில போட்டுக் கன்னத்துல ஒதுக்கிக்கிடுவேன். அவ அந்தப் பக்கம் போனதும் எடுத்து, துடைச்சு, அஞ்சறைப்பெட்டியில போட்டுருவேன். யாருக்காவது ஆவும்லா? எனக்குக் குடுத்ததை நான் ஊருக்குக் குடுக்கேன். இதுல என்ன தப்பு?

ஒரு நாள் ரசத்துக்குச் சீரகம் எடுக்கப் போனவ பெட்டியைத் திறந்துட்டா. மாத்திரை குமிஞ்சு கிடக்கு.   அடுப்பை அணைச்சா. ரசம் பாதியில நிக்கு, புளி வாசம்கூட போகல, அணைச்சுட்டா. சேலையை எடுத்துப் பையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு சொன்னா, "என் தம்பிக்கு இருக்கிறது ஒரு உசிருதான். இனிமே உங்க கை பட்ட எதுவும் அவன் வாய்க்குப் போகப்பிடாது." அவ்வளவுதான் பேச்சு. கோவில்பட்டி பஸ் ஏறிட்டா.

அந்த வார்த்தைதான் அண்ணாச்சி இங்கன நிக்கு. ஊரு சொல்லட்டும், சுகாதாரக்காரர் சொல்லட்டும். இத்தனை வருசம் என் கையால தின்னவ சொல்லலாமா? முகூர்த்தம் ஒண்ணும் வரல. வந்தவங்களும் முன்பணத்தைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாவ. அது போவட்டும், வரும் போவும். வீட்டுல தனியா உக்காந்து உலை வைக்கேன், ஒருத்தனுக்கு எப்படி அளவு போடணும்னே தெரியல எனக்கு. அண்டா கணக்குல பொங்கினவன். தினம் சோறு மிஞ்சிப் போவுது.

அதான் முடிவு பண்ணிட்டேன். இன்னைக்கு நேரா அவன் வீட்டுக்குப் போறேன். சாயங்காலம் பக்கத்துக் கோயிலுக்கு கோமதி போவா, எனக்கு அவ வழக்கம் தெரியும். அந்நேரம் உள்ள போய், அவன் பக்கத்துல உக்காந்து, ஒரு உருண்டை பிடிச்சு நீட்டினா, நயினார் வாயைத் திறப்பான். நான் குடுத்து அவன் வேண்டாம்னு சொன்னதே கிடையாது. இனியும் சொல்ல மாட்டான். சாப்பிட்டு எந்திரிச்சு நடந்தான்னா ஊர்ப் பேச்சு அன்னையோட அடங்கிரும். கோமதியும் பையைத் தூக்கிக்கிட்டு வந்துருவா.

என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரியாப் பாக்கிய? கழுகுமலை வந்துட்டு, அந்தா மலை தெரியுது பாருங்க. என்னது, தூக்குவாளியா? தாராளமாப் பாருங்க. பித்தளை, ஈயம் பூசினது, எங்கய்யா வச்சிருந்தது. உங்க மடியிலேயே வச்சுக்கிடுங்க, எனக்கும் முழங்கால் மரத்துப் போச்சு. மூடியைத் திறந்து பாக்கணுமா? பாருங்க, மேல ஆடை கட்டியிருக்கும், அதுதான் அடையாளம். ஜன்னல் பக்கம் கொண்டு போகாதிய, வண்டி வளைவு திரும்புது, பாத்து, பாத்து.

அட.

அட அண்ணாச்சி. என்ன இப்படிப் பண்ணிட்டிய? கை தவறிட்டுங்கிய. அது சரி, தவறும். ஆனா முழுசாக் கவுந்துட்டே. ஒரு பருக்கைகூட நிக்கல. அடியில தட்டித் தட்டி விட்டது மாதிரில்லா போயிட்டு. ரோட்டுல அந்த நாய் பின்னால ஓடி வருது பாருங்க. வாளியையாவது பிடிச்சியளே, அது வரைக்கும் நல்லது. அது எங்கய்யா வாளி.

எனக்கு அழுகை வருது அண்ணாச்சி. உங்க மேல கோவம் இல்ல. அவனுக்குன்னு பிசைஞ்சது. அதுல ஒரு வாய்கூட அவனுக்குக் குடுத்து வைக்கல பாருங்க.

விடுங்க, மன்னிப்பு எல்லாம் எதுக்கு? பெரிய வார்த்தை. உங்க கையை ஏன் இப்படித் துடைச்சுக்கிட்டே இருக்கிய, வேர்க்கா? அதான பாத்தேன், நல்ல மனுசன் கையில இருந்து வாளி எப்படி நழுவும்னு. நெத்தியைக் காட்டுங்க. வேர்த்து விட்டிருக்கு. காய்ச்சல்தான், முதல்லேயே சொல்லியிருக்கலாம்லா. இருங்க, பையில மடிச்சு வச்சிருக்கேன். நயினாருக்குன்னு கொண்டாந்தது, நீங்க ஒண்ணு எடுத்துக்கிட்டா குறைஞ்சிராது. எனக்குப் பை நிறையக் குடுத்த மாத்திரைதான். லேசா ஈரம் பட்டுக் காஞ்சது, சீரக வாசம் வரும், அது வயித்துக்கு நல்லதுதான். பாதி போடுங்க. காய்ச்சல் விட்டுட்டுன்னா நிறுத்திருங்க, யாரு என்ன சொன்னாலும் கேக்காதிய. வேண்டாமா? சரி, சட்டைப் பையில வச்சுக்கிடுங்க, எப்ப வேணாலும் போட்டுக்கிடலாம்.

கோவில்பட்டி பஸ்ஸ்டாண்டு வந்துட்டு. நான் இறங்குதேன் அண்ணாச்சி. நீங்க இங்க எட்டயபுரம் பஸ் பிடிக்கணும்னுல்லா சொன்னிய? அது அந்தக் கோடியில நிக்கும். எங்க என் பின்னாலேயே வாறிய? நயினார் வீடு எந்தத் தெருன்னா கேக்கிய? கோமதி நம்பரா? அது எதுக்கு உங்களுக்கு?

ஓ. அவளைப் பாத்து ரெண்டு வார்த்தை பேசணுமா. பாத்தியளா, இதைத்தான் சொன்னேன். முழுசாக் கேட்டா யாருக்கும் நியாயம் புரிஞ்சிரும். ஒரு மனுசன், நேத்து வரைக்கும் என்னை யாருன்னு தெரியாது, தன் பஸ்ஸை விட்டுட்டு எனக்காகப் பேச வாறிய. என் வீட்டுக்காரிக்கு இது உறைக்கணும். வாங்க, வாங்க, சேந்தே போவோம். வேகமா நடக்கியளே, எனக்கு முன்னாலேயே போயிருவிய போல. காய்ச்சல்காரர் மெதுவாப் போங்க.

சோறு கொட்டினதை நினைச்சு வருத்தப்படாதிய அண்ணாச்சி. நயினார் வீட்டுல தயிர் இல்லாமப் போயிராது, பானையில சோறும் இருக்கும். கை என்கிட்டத்தான இருக்கு.